ஊர் கூடி எடுக்கும் முடிவும் தருக்கத்தின் கணக்கும்

(தேற்றாத்தீவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கூட்டு முடிவுகளைக் கணிதத் தருக்கத்தால் ஆராய்வது இன்றைய பொருள் என்று அழைப்பிதழிற் கண்ட நண்பரொருவர், இதைக் கேட்கத் தேற்றாத்தீவில் யார் வரப்போகிறார்கள் என்று என்னை வினவினார். விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் ஒருமுறையேனும் கடைசிவரை இருந்தவர் எவரும் வரலாம் என்று விடை சொன்னேன். காலையிற் கூடி, உத்தியோகத்தர்களும் வட்டை விதானைமாரும் ஒருவர்பின் ஒருவராய்ப் பேசி, போடியார் ஒரு திகதியும் குத்தகைக்காரர் ஒரு திகதியும் பட்டிக்காரர் ஒரு திகதியும் கேட்டு, எல்லாரும் ஒருவாறு களைத்துப்போன வேளையில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் ஏறுகிறதே ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்துக்குள் நடந்தது என்ன என்பதே என் விசாரணை. பலருடைய விருப்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு முடிவாக மாறும் அந்த வழியைத்தான் சமூகத் தெரிவு என்னும் சாஸ்திரம் ஆராய்கின்றது; விருப்பம் எத்தகையது என்பது மட்டுமன்றி வழி எத்தகையது என்பதும் முடிவைப் பெரிதும் நிச்சயிக்கிறது என்பதை அது ஐயமற நிரூபித்துமிருக்கிறது.

தருக்கம் என்றவுடன் மணிமேகலையில் அறவண அடிகள் எடுத்துரைக்கும் அளவைகளும், சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகமும் நம்மவர் நினைவுக்கு வருதல் இயல்பு. அறிவியலிற் பட்டம் பெற்று, பண்ணிசையின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலாக வெளியிட்ட விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு இவ்வூருக்குத் தெற்கே அண்மையிலேதான் இருக்கின்றதாகலின், கணக்கும் தமிழும் கூடியிருப்பது இந்நிலத்தாருக்குப் புதுமையன்று. ஆயின் கிழக்கிலும் மேற்கிலும் வழங்கிய பழைய தருக்கம், மலையில் நெருப்பு உண்டு என்பது போல, ஒரு பொருளையும் அதன் குணத்தையும் சேர்த்துரைக்கும் வாக்கியங்களையே பெரிதும் ஆராய்ந்தது. ‘இவர் இத்திகதியை அத்திகதியிலும் மேலாகக் கருதுகிறார்’ என்பதோ ஒன்றன் குணமன்று; இரண்டுக்கு இடையேயுள்ள சம்பந்தம். மனிதன் விலங்கெனில் மனிதத்தலை விலங்குத்தலையே என்னும் கண்கூடான முடிவைக்கூடப் பழைய முறையால் நிறுவ முடியவில்லை என்று சுட்டிக்காட்டி, சம்பந்தங்களுக்கென்றே தனித் தருக்கம் வகுக்கப் புகுந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806ஆம் ஆண்டு நம் மதுரையிற் பிறந்தவர். கும்பினிப் படையில் உத்தியோகம் பார்த்த தந்தைக்கு மகனாய் வந்துதித்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பிறந்த சில மாதங்களுக்குள் ஒரு கண்ணின் பார்வையை இழந்த அப்பெரியார், சம்பந்தங்களின் தருக்கத்தைப் பற்றிய கட்டுரையை 1860இல் எழுதினார். மதுரைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாட அவர் அங்கே வாழ்ந்த காலம் போதாதுதான். ஆயினும் இன்றைய கதையின் முதற்கண்ணி அங்கே விழுந்தது என்று சொல்வதில் பிழையில்லை.

அந்தத் தருக்கத்தை இருபதாம் நூற்றாண்டில் முறையான கணிதமாக்கியவர்களுள் தலையாயவர் போலந்து தேசத்து ஆல்பிரட் டார்ஸ்கி. யுத்தம் மூண்ட வேளையில் அமெரிக்காவில் அகப்பட்டுக்கொண்டு நாடு திரும்ப இயலாதிருந்த அவர், 1940இல் நியூயார்க் நகரக் கல்லூரியொன்றில் சம்பந்தங்களின் கணிதத்தைக் கற்பித்தார். அவ்வகுப்பிலிருந்த மாணவர்களுள் ஒருவர் கென்னத் ஆரோ. டார்ஸ்கியின் தருக்க நூல் ஆங்கிலமாகி 1941இல் வெளிவந்தபோது அதன் அச்சுப்படிகளைத் திருத்தியவரும் அவரே. அதை மொழிபெயர்த்தவர் ஓலாஃப் ஹெல்மர். நாற்பதுகளின் இறுதியில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் அவ்விருவரும் மீண்டும் சந்தித்தபோது ஹெல்மர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்: விளையாட்டுக் கோட்பாட்டில் ஒரு தேசத்தை ஒற்றை ஆள் போலப் பாவித்து அதற்கொரு விருப்பம் உண்டென்று எழுதுகிறோமே, பல்லாயிரம் பேருடைய விருப்பங்களிலிருந்து அந்த ஒற்றை விருப்பம் எவ்வாறு கிடைக்கிறது? பொருளியலார் எவரேனும் இதற்கு முன்பே விடை சொல்லியிருப்பர் என்று எண்ணிக் கணக்கிடத் தொடங்கிய ஆரோ, விடை கிடையாது என்பதையே நிரூபணமாகப் பெற்றார். 1951இல் நூலாக வந்த அந்த முடிவுதான் இச்சாஸ்திரத்தின் அடித்தளம். கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியில் மாணவராயிருந்த அமர்த்திய சென்னின் கையில் அந்நூல் வெளிவந்த சிறிது காலத்திலேயே கிட்டியதும், அவர் அதை நீட்டி விரித்து 1970இல் கூட்டுத் தெரிவைப் பற்றிய தம் பெருநூலை இயற்றியதும் பலரும் அறிந்தவை.

வரலாறு இவ்வளவு போதும். நம் வயலுக்கு வருவோம்.

எழுவான்கரையிலுள்ள இவ்வூர்களிலிருந்து பட்டிருப்புப் பாலத்தாலோ குருமண்வெளித் துறையாலோ வாவியைக் கடந்து படுவான்கரையில் வேளாண்மை செய்வோர் ஒரே வட்டையில் இருந்தாலும் ஒரே நிலையில் இருப்பதில்லை. மூன்று திறத்தாரை எண்ணிக்கொள்வோம். மூவரும் எண்ணிக்கையிற் சமமானவர் என்றும் கொள்வோம். மேட்டுக்காணிக்காரருக்கு முந்தி விதைப்பதே வேண்டும். அது இயலாதெனில் நடுத்திகதி. பிந்தினாற் கடைசி மழை தவறிவிடும். பள்ளக்காணிக்காரருக்கு வாய்க்கால் துப்புரவாக வேண்டும், களை அடங்க வேண்டும் என்பதனால் நடுத்திகதி உத்தமம், அதற்கடுத்துப் பிந்தியது, முந்தியது ஆகவே ஆகாது. மூன்றாம் திறத்தார் உழவு இயந்திரத்தை வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுப்பவர்: பிந்தினால் இயந்திரம் மலிவாய்க் கிடைக்கும், முந்தினாலும் போட்டியில்லை, எல்லாரும் ஒருங்கே உழும் நடுத்திகதிதான் அவர்களுக்குக் கேடு. இம்மூவருள் எவரும் பேதையரல்லர். ஒவ்வொருவருடைய வரிசையும் தன்னளவில் நியாயமானதே.

இப்பொழுது இரண்டிரண்டு திகதிகளாக எடுத்துக் கையுயர்த்தச் சொல்லுங்கள். முந்தியதா, நடுவா என்றால் முதலாம் மூன்றாம் திறத்தார் கூடி முந்தியதை வெல்விப்பர். நடுவா, பிந்தியதா என்றால் முதலிரு திறத்தாரும் நடுவை வெல்விப்பர். அப்படியானால் முந்தியது பிந்தியதிலும் மேலாதல் வேண்டுமல்லவா? அதையும் வாக்குக்கு விடுங்கள்: இரண்டாம் மூன்றாம் திறத்தார் கூடிப் பிந்தியதை வெல்விக்கின்றனர்! தனித்தனி மனிதருக்கு விருப்பம் வரிசையாய் நிற்க, ஊருக்கு மட்டும் அது வட்டமாய்ச் சுழல்கிறது. பிரான்ஸ் தேசத்துக் கோந்தொர்செ 1785இல் கண்டெழுதிய விபரீதம் இதுவே. பிற்காலத்தில் புரட்சியாளர் சிறையில் உயிர்நீத்த அப்பெருமகன், பெரும்பான்மை என்னும் தெய்வத்துக்கு இரண்டு முகமன்று, மூன்று முகமுண்டு என்று அன்றே காட்டிவிட்டார்.

இச்சுழற்சியால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கூட்டத் தலைவர் எந்த இரண்டை முதலில் வாக்குக்கு விடுகிறார் என்பதைப் பாருங்கள். முந்தியதையும் நடுவையும் முதலில் மோதவிட்டு, வென்றதைப் பிந்தியதோடு மோதவிட்டால், முடிவு பிந்தியது. நடுவையும் பிந்தியதையும் முதலில் விட்டால் முடிவு முந்தியது. பிந்தியதையும் முந்தியதையும் முதலில் விட்டால் முடிவு நடு. எது கடைசியாகக் களத்துக்கு வருகிறதோ அதுவே வெல்கிறது. ஊராரில் ஒருவர்கூடத் தம் அபிப்பிராயத்தை மாற்றவில்லை, ஒருவர்கூடக் கைக்கூலி வாங்கவில்லை, தலைவர் வாக்களிக்கவுமில்லை. நிகழ்ச்சிநிரலின் ஒழுங்கு மட்டும் மாறிற்று, விதைப்புத் திகதி மாறிவிட்டது. தலைவர் நடுநிலையாளர் என்று நாம் புகழும்போது அவர் பேச்சில் நடுநிலையையே பார்க்கிறோம். நிரலை எழுதிய பேனாவைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஒழுங்கில் பிந்தியது வெல்லப்போகிறது என்று மேட்டுக்காணிக்காரர் முன்னுணர்ந்துவிட்டார் என்க. அவர் முதற்சுற்றிலேயே தம் உண்மை விருப்பத்தை மறைத்து நடுத்திகதிக்குக் கையுயர்த்துவாராயின், நடு வென்று, அடுத்த சுற்றில் பிந்தியதையும் வெல்லும். தமக்கு ஆகவே ஆகாத திகதியைப் பொய்யான ஒரு கையால் தவிர்த்துக்கொண்டார். இது அவருடைய ஒழுக்கக் குறையா, முறையின் குறையா? மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருந்து, அவற்றுள் எதுவும் வெல்லக்கூடும் என்றும் இருக்குமாயின், ஒரே ஒருவர் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படும் முறையைத் தவிர, பொய்க்கையால் எவரும் எக்காலும் இலாபமடைய முடியாத சீட்டில்லாத முறை கிடையாது என்று ஆலன் கிபார்டு 1973இலும் மார்க் சாட்டர்த்வெயிட் 1975இலும் தனித்தனியே நிரூபித்தனர். ஆகவே வாக்காளரை நாணயமாக வாக்களிக்கச் சொல்லி உபதேசிக்கும் தேர்தற் சுவரொட்டிகள் ஓரளவுக்கு முறையின் பழியை மனிதர் தலையிற் போடுகின்றன என்றே நான் கருதுகிறேன்.

அங்ஙனமாயின் நம் ஆரம்பக் கூட்டங்கள் ஆண்டுதோறும் முடிவெடுத்து எழுவது எப்படி? இதற்கு டங்கன் பிளாக் என்பவர் 1948இல் அழகிய விடையொன்றைச் சொன்னார். தெரிவுகளெல்லாம் ஒரு கோட்டில் நிற்பனவாகி, நாட்காட்டியிலுள்ள திகதிகள் போல, ஒவ்வொருவருக்கும் அக்கோட்டில் உத்தமமான ஓரிடம் இருந்து, அதை விட்டு எப்பக்கம் விலகினும் விருப்பம் குறைந்துகொண்டே போகுமாயின், சுழற்சி பிறவாது. ஆட்களை வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் விரும்பும் திகதியே மற்றெல்லாவற்றையும் வெல்லும். நம் கூட்டத்திற் குழப்பம் விளைத்தவர் மூன்றாம் திறத்தாரே; நடுவைக் கடையிடத்தில் வைத்தவர் அவர்தாம். அவர் உள்ளத்தில் இருந்தது திகதி மட்டுமன்று, இயந்திர வாடகையும் கூட. ஒரே வினாவென்று நாம் எண்ணியது இரண்டு வினாக்கள் பிணைந்த ஒன்றாயிருந்தது. இயந்திர வாடகையை வேறாகப் பிரித்து முதலில் ஒழுங்கு செய்துவிட்டால், திகதி மீண்டும் ஒற்றைக்கோடாகி, கூட்டம் தானாகவே முடிவுக்கு வரும். அனுபவமிக்க வட்டை விதானை ஒருவர் மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியை முதலில் முடித்துவிட்டே விதைப்பைப் பேச விடுவாராயின், பிளாக்கின் தேற்றத்தை அவர் வயலிலேயே கற்றுவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

இனி ஆரோவின் தேற்றத்துக்கு வருவேன். இதை மேலோட்டமாய்ச் சொல்வோர் பலர். அதன் நிரூபணத்தின் உயிர்நாடியையும் இவ்வவையில் காட்ட விரும்புகிறேன், ஏனெனில் கணிதத் தருக்கம் இங்கே என்ன வேலை செய்கிறது என்பது அங்கேதான் விளங்கும். ஆரோ கேட்டவை நான்கு. மக்கள் எந்த வரிசையில் விருப்பம் கொண்டாலும் முறை சுழலாத வரிசையாய் விடை தரவேண்டும். எல்லாரும் ஒருமுகமாக ஒன்றை மேலென்றால் ஊரும் அதையே மேலெனல் வேண்டும். இரண்டு தெரிவுகளுள் எது மேல் என்பது அவ்விரண்டைப் பற்றி மக்கள் எண்ணுவதை மட்டும் பொறுத்ததாகவேண்டும். மூன்றாவதொன்றைப் பற்றிய எண்ணம் அதிற் குறுக்கிடலாகாது. கடைசியாக, ஒரே ஒருவர் விருப்பமே எப்பொழுதும் ஊர் விருப்பமாகிவிடல் கூடாது. நான்கும் எவ்வளவு சாதுவான நிபந்தனைகள்! தெரிவுகள் மூன்றோ அதற்கு மேலோ ஆயின் இவை நான்கும் ஒருங்கே நில்லா என்பதே தேற்றம்.

ஏன் நில்லா என்பதைக் கோயிலொன்றை வைத்துக் காட்டுகிறேன். மட்டக்களப்புக் கோயில்களிற் குடிக்கொரு வண்ணக்கர், அதாவது கோயிற் பொறுப்பாளர், என்னும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. தாய்வழியாய் வரும் குடியும் அதன் முறைமையும் இந்நிலத்தின் தனிச்சிறப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு கோயிலில் மூன்று குடி, மூன்று வண்ணக்கர். இரண்டு குடி எதை மேலென்று சொன்னாலும் அதுவே சபையின் முடிவு என்பது விதி. மூன்று திருப்பணிகள் முன்னே நிற்கின்றன: கோபுரம், மடம், தேர். முதலாம் இரண்டாம் குடிகள் கூடிக் கோபுரம் மடத்திலும் மேல் என்கின்றன. ஆகவே சபையும் அவ்வாறே. இரண்டாம் மூன்றாம் குடிகள் கூடி மடம் தேரிலும் மேல் என்கின்றன, சபையும் அவ்வாறே. சபையின் விருப்பம் சுழலாத வரிசை என்று முன்னரே ஒத்துக்கொண்டோமாகலின், கோபுரம் தேரிலும் மேலாதல் வேண்டும். ஆனால் கோபுரம் தேரிலும் மேல் என்று கருதியவர் இரண்டாம் குடியினர் மட்டுமே. முதலாம் குடிக்குத் தேரே யாவற்றினும் மேல், மூன்றாம் குடிக்கு மடமும் அதற்கடுத்துத் தேரும். மற்ற இரண்டு குடியும் எதிர்த்து நிற்க, ஒரு குடியின் சொல் சபையின் சொல்லாகிவிட்டது. மூன்றாவதொன்றைப் பற்றிய எண்ணம் குறுக்கிடலாகாது என்ற நிபந்தனையும் இருப்பதால், இது இந்த ஒருமுறைக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோபுரமும் தேரும் எதிர்நிற்கும் எக்காலத்தும் அக்குடியின் சொல்லே நிற்கும். இதே வழியிற் சற்று மேலும் நடந்தால் எல்லாத் தெரிவுகளிலும் அதன் சொல்லே நிற்கும் என்பது பெறப்படும்.

இதிலிருந்து தருக்கநூலார் எடுத்த சாரம் இது: தீர்மானிக்கும் வல்லமை உடைய இரண்டு கூட்டங்களைச் சொன்னால், அவ்விரண்டுக்கும் பொதுவாயுள்ளவர்களும் தீர்மானிக்கும் வல்லமை உடையவரே. ஊர் முழுவதும் வல்லமை உடையது. ஒரு கூட்டத்துக்கு அது இல்லையேல் எஞ்சியோருக்கு உண்டு. இப்பண்புகளையுடைய கூட்டத்தொகுதியை அல்ட்ராஃபில்டர் என்று கணிதத் தருக்கத்தார் வேறெங்கோ வேறெதற்காகவோ முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தனர். ஊரார் எண்ணிக்கை எல்லைக்குட்பட்டதாயின், பொதுவானவரைப் பொதுவானவரோடு வெட்டிச் சுருக்கிக்கொண்டே போனால் ஈற்றில் எஞ்சுவது ஒரே ஒருவர், அவரே சர்வாதிகாரி. சபையில் அவரை எவரும் அமர்த்தவில்லை. மற்ற மூன்று சாதுவான நிபந்தனைகளே அவரை உண்டாக்கின. ஊரார் எண்ணிறந்தவர் என்று கற்பித்துக்கொண்டால் அவ்வொருவரும் மறைந்துபோவார், ஆயினும் அவருடைய நிழல் போகாது என்பதைக் கிர்மன், சொண்டர்மன் என்னும் இருவர் 1972இல் காட்டினர். கண்காணாச் சர்வாதிகாரி என்று அவர்கள் இட்ட பெயரை, சில சபைகளை நினைத்துக்கொண்டு படித்தால், கணிதத்துக்கு அப்பாலும் பொருள் விளங்கும்.

விருப்பங்களை மட்டுமன்றி நியாயத் தீர்ப்புகளைக் கூட்டும்போதும் இத்தகைய முடிச்சு விழுகிறது. ஒருவருடைய மாடு இன்னொருவர் பயிரில் இறங்கி மேய்ந்துவிட்டது என்று மூன்று பெரியோர் முன்னே வழக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நட்டஈடு கொடுக்கவேண்டுமாயின் இரண்டு விஷயம் மெய்யாதல் வேண்டும்: மேய்ந்தது இவருடைய மாடே, வயற்காரர் வேலியை வழக்கப்படி கட்டியிருந்தார். முதற்பெரியவர் இரண்டும் மெய் என்கிறார். ஆகவே ஈடு உண்டு. இரண்டாமவர் மாடு இவருடையதே, வேலிதான் சரியில்லை என்கிறார்; ஈடு இல்லை. மூன்றாமவர் வேலி சரியே, மாடு இவருடையது என்பதற்குச் சாட்சி போதாது என்கிறார், ஈடு இல்லை. ஒவ்வொரு வினாவாக எண்ணுங்கள்: மாடு இவருடையதே என்று இருவர்; வேலி சரியே என்று இருவர்; ஆயினும் ஈடு இல்லை என்று இருவர். ஒவ்வொரு பெரியவரும் தம்மளவில் முரணின்றிப் பேச, மூவரும் கூடிய சபை முரணிப் பேசுகிறது. காரணங்களை வாக்குக்கு விட்டால் மாட்டுக்காரர் தோற்பார். முடிவை வாக்குக்கு விட்டால் வெல்வார். அமெரிக்கச் சட்ட அறிஞர் சிலர் எண்பதுகளில் நீதிமன்றங்களை முன்வைத்துக் கிளப்பிய இவ்வினாவை, கிறிஸ்டியன் லிஸ்ட், பிலிப் பெட்டிட் இருவரும் 2002இல் தருக்க வாக்கியங்களின் மொழியில் எழுதி, ஆரோவின் தேற்றத்தைப் போன்றதொரு தேற்றமாகவே நிறுவினர். எண்ணப்படுபவை ‘மேலும்’, ‘ஆகவே’ என்னும் தொடர்பால் பிணைந்த வாக்கியங்களாயிருக்கும்வரை இச்சங்கடம் தீராது. மாட்டு வழக்கு இவ்வளவு ஆழமானது என்று நம் முன்னோர் கண்டிருந்தனரோ என்னவோ, இத்தகைய வழக்குகளிற் பெரியோர் எண்ணிக்கை பார்ப்பதை விட்டு, பேசிப் பேசி ஒருவரையொருவர் மாற்றவே முயல்வர்.

ஊரை விட்டு நாட்டுக்குச் செல்வோம். 1931இல் சர்வஜன வாக்குரிமை பெற்ற இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் இரண்டாம் மூன்றாம் விருப்புகளையும் இடலாம் என்று ஏற்பாடு செய்தது. முதல் விருப்பில் எவரும் பாதிக்கு மேற்படாவிடின், முதலிருவரைத் தவிர மற்றெல்லாரையும் நீக்கி, நீங்கியோரின் சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்பை அவ்விருவருக்குச் சேர்க்கவேண்டும். 1982 தொடங்கி 2019 வரை எட்டுத் தேர்தல்களில் இந்த ஏற்பாடு உறங்கிக்கிடந்தது. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில்தான் அது முதன்முறையாக விழித்தது: அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035 என்று முதல் எண்ணிக்கை நின்றது, இரண்டாம் எண்ணிக்கைக்குப் பின் அவை முறையே 5,740,179 என்றும் 4,530,902 என்றும் ஆயின. கூட்டல் கழித்தல் செய்து பாருங்கள். மற்ற வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் 3,321,666. அவற்றிலிருந்து முதலிருவருக்கு வந்து சேர்ந்தவை 273,131 மட்டுமே, அதாவது நூற்றுக்கு எட்டைச் சற்றே தாண்டும். வென்றவர் பெற்றது எஞ்சிய இருவரின் வாக்குகளுள் பாதிக்கு மேல். செல்லுபடியான எல்லா வாக்குகளிலும் நூற்றுக்கு 43. பாதிக்கு மேற்பட்டவர் ஆதரவோடு ஆளவேண்டும் என்று கருதி எழுதிய விதி, வாக்காளர் இரண்டாம் கட்டத்தை வெறுமையாய் விட்டதனால், அவ்வாதரவைச் சொல்லில் மட்டுமே பெற்றுத் தந்தது.

நம் மாவட்டத்தவரான அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராய் நின்று 226,343 வாக்குகள் பெற்ற தேர்தலும் அதுவே. இரண்டாம் விருப்பை யாருக்கு இடுவது, இடத்தான் வேண்டுமா என்ற பேச்சு நம் பகுதியில் எழுந்தபோது, அது வெறும் அரசியற் பேச்சாகவே பலருக்குத் தோன்றிற்று. முதல் விருப்பை மனத்துக்கும் இரண்டாம் விருப்பை முடிவுக்கும் இடலாம் என்று விதியே வழிவிட்டிருந்தது. இரண்டாவதை இடாது விட்டவர், கடைசி இருவருள் யார் வரினும் சரியென்று கையெழுத்திட்டவரேயாவர். இவ்விதிக்கு இன்னுமொரு குணமுண்டு. மூன்றாமிடத்தில் நிற்பவர் முதலிருவரையும் தனித்தனியே எதிர்த்தால் வெல்லக்கூடியவராயிருப்பினும், முதற்சுற்றிலேயே நீங்கிவிடுவார். ஆரோவின் நான்கு நிபந்தனைகளுள் எதை இழந்தோம் என்று கேட்டால், மூன்றாவதொன்றைப் பற்றிய எண்ணம் குறுக்கிடலாகாது என்றதைத்தான். எதையாவது இழந்தே தீரவேண்டும் என்று தேற்றம் சொல்லிவிட்டபின் இழந்ததற்காக வருந்துவது பயனற்றது; எதை இழக்கிறோம் என்று அறியாமல் இழந்ததற்கு வருந்தலாம்.

வாக்கே வேண்டாம், சீட்டுக் குலுக்குவோம் என்றால்? தமிழர் வாயில் உடனே குடவோலை வரும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடும்பு என்னும் முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்து வாரியத்தாரை ஓலையிட்டு எடுக்கும் முறையை விரிவாக வகுக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்தமனையில் வீடும் உடையவராய், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதினராய், கடந்த மூன்றாண்டு வாரியத்தில் இராதவராய் இருக்கவேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றத்தாரும் ஆகார். ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். இதை உலகின் முதல் ஜனநாயகம் என்று மேடைகளில் முழங்குவோருடன் நான் சேரமாட்டேன்: அது நிலமுடைய அந்தணர் சபை, உழுதவருக்கும் பெண்டிருக்கும் அங்கே ஓலை இல்லை. ஆயினும் அதன் தருக்கம் கூர்மையானது. கிபார்டே 1977இல் மற்றொரு தேற்றம் நிறுவினார்: எல்லாரும் ஒன்றையே விரும்பினால் அதுவே கிட்டவேண்டும், பொய்க்கையால் எவருக்கும் இலாபம் வரலாகாது என்று இரண்டையும் வேண்டினால், மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருக்குமிடத்தில், ஒருவரைச் சீட்டால் எடுத்து அவர் விருப்பத்தை நிறைவேற்றுவதன்றி வேறு வழியில்லை. குடவோலை இதுவே அன்று. ஓலையில் எழுதியவை ஊரார் விருப்பங்களல்ல, தகுதியுடையார் பெயர்கள். எனினும் சூழ்ச்சிக்கு இடமில்லாமற் செய்யவேண்டுமானால் தற்செயலுக்கு இடங்கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன் தகுதி விதிகளிலேயே அரசியல் முழுவதும் நடந்து முடிந்துவிடுகிறது என்பதும் அக்கல்வெட்டில் தெளிவாய்த் தெரிகிறது.

இவ்விதிகளையெல்லாம் கணினிக்கு எழுதும் நிரல்களைப் போலப் பாவித்து, அவை சொன்னதைச் செய்கின்றனவா என்று தருக்கத்தால் சோதிக்கவேண்டும் என்று கூறியவர் குஜராத்திற் பிறந்து நியூயார்க்கிற் பேராசிரியராயிருந்த ரோஹித் பாரிக். 1985இல் விளையாட்டுகளுக்கென்று ஒரு தருக்கத்தை அவர் அமைத்து, பங்கிடும் முறையொன்று உண்மையாகவே ஒவ்வொருவருக்கும் நியாயமான பங்கைத் தருகிறது என்பதை அதனால் நிறுவினார். பின்னர் சமூக மென்பொருள் என்று இத்துறைக்குப் பெயரிட்டார். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2009 ஜனவரியில் இந்தியத் தருக்க மாநாடு கூடியதும், அதே நிறுவனத்திற் பணியாற்றிய, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாலும் நன்கறியப்பட்ட ஆர். இராமானுஜம் விளையாட்டுகளின் தருக்கத்தில் உழைத்து வருவதும், இக்கலை தமிழ்நிலத்திலேயே செழித்து வருவதற்குச் சான்று. ஆரோவின் தேற்றத்தை இரண்டு பேர், மூன்று தெரிவுகள் என்ற சிறிய நிலைக்குச் சுருக்கி, அச்சிறு நிலையைக் கணினியைக் கொண்டே சோதித்து முடிக்கலாம் என்பதையும் 2009இல் டாங், லின் என்னும் இருவர் காட்டினர். கையால் எழுதினால் ஏடு நிறையும் வேலை அது.

நம் ஊர்ச் சங்கங்களின் யாப்புகளை எடுத்து இவ்வாறு சோதித்துப் பார்க்க உயர்தர வகுப்பு மாணவர் சிலர் முன்வருவாராயின், உடனிருந்து உழைக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். தொடங்குவதற்கு ஒரு வாசகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய எல்லா யாப்பிலும் அது உண்டு: ‘வாக்குகள் சமமாயின் தலைவர் தீர்மான வாக்கு அளிக்கலாம்.’ இரண்டே தெரிவுகள் இருக்குமிடத்தில் யார் வாக்கு என்று பாராமலும், எந்தத் தெரிவு என்று பாராமலும், ஒரு கை கூடினால் அதற்கு மதிப்பும் கூடும்படியாகவும் எண்ணக்கூடிய ஒரே முறை எளிய பெரும்பான்மைதான் என்று கென்னத் மே 1952இல் நிறுவினார். அவ்விதிப்படி சமமானது சமமாகவே நிற்கவேண்டும். தலைவரின் இரண்டாவது கை, யார் வாக்கு என்று பார்க்கும் கை. அதை வைத்துக்கொள்வதா, சமமானால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதா, சீட்டுக் குலுக்குவதா என்பதை உங்கள் சபைகள் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்தை எந்த விதியால் எடுப்பது என்ற கேள்வியையும் மாணவர் கட்டாயம் கேட்பர். கேட்கும்போது அவர்களைத் தடுக்கவேண்டாம் என்று வண்ணக்கர்மாரைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.